படர்க்கையில் சொல்லக்கூடாத சொல்

பூலாய் என்பது மலாய்மொழியில் ஏழிலைப்பாலை இனத்து மரத்தின் பெயர். சிம்பாங் என்றால் சந்தி. ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் பழைய சாலையில், சுண்ணாம்புக்கல் குன்றுகளின் நடுவே, கேமரன் மலைக்கு ஏறும் பாதை பிரிகிற இடம் சிம்பாங் பூலாய். இந்த வட்டாரத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாமான்களில் குடியிருக்கிறார்கள். லயம் போய்விட்டது, லயத்துப் பேச்சு இன்னும் போகவில்லை. கேள்விப்படாத பெயருடைய ஒரு நோய் ஒருவருக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும், துக்கம் விசாரிக்கும் குரலிலேயே ஒரு கேள்வி எழுகிறது: “என்ன பாவம் பண்ணினாரோ?” சர்க்கரை நோய்க்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. இரத்தக் கொதிப்புக்கும் எழுவதில்லை. வீட்டுக்கு ஒருவருக்கு இருப்பதால் அவை வயதின் கணக்கிலோ சாப்பாட்டின் கணக்கிலோ போய்விடுகின்றன. ஊரில் வேறு எவருக்கும் இல்லாத நோய் வந்தால்தான், அது அவருக்கென்றே அனுப்பப்பட்ட ஓலைபோலத் தோன்றுகிறது. அரிதாக இருப்பதையே ஒரு குறியாக எடுத்துக்கொள்கிறோம். இந்தப் பழக்கம் அறிவுக்குப் பொருந்துமா என்பதைவிட, நம் சமயத்துக்காவது பொருந்துமா என்று கேட்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. சிறுநீர்ப் பாதையில் வரும் ஓர் அரிய புற்றுநோயை இதற்கு எடுத்துக்கொள்கிறேன். எப்படி வருகிறது என்பது இவ்வளவு துல்லியமாகத் தெரியவந்த புற்றுநோய்கள் மிகச் சில.

சிறுநீரகம் வடிகட்டும் நீர் முதலில் அதன் உள்ளேயே புனல் போன்ற ஓர் அறையில் சேர்கிறது. அங்கிருந்து, ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள மெல்லிய நாளம் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. அறை, நாளம், பை மூன்றின் உட்புறத்தையும் ஒரே வகைப் படலம் போர்த்தியிருக்கிறது. இந்தப் படலத்தில் தோன்றும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை பையில்தான் தோன்றுகின்றன. மேலே, அறையிலோ நாளத்திலோ தோன்றுபவை நூற்றில் 5 முதல் 10 வரைதான். மேற்கு நாடுகளில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 2 பேருக்கு வருகிறது என்பது கணக்கு. பெரும்பாலும் வலி இருக்காது. சிறுநீரில் இரத்தம் தெரியும், பிறகு நின்றுவிடும், அதனால் சூடு என்றோ கல் என்றோ கிருமி என்றோ நினைத்து விட்டுவிடுவார்கள். உறுதியாகிவிட்டால், பலருக்கு அந்தப் பக்கச் சிறுநீரகத்தையும் நாளத்தையும், நாளம் பையில் நுழையும் இடத்தோடு சேர்த்து, எடுத்துவிட வேண்டியிருக்கிறது. அதோடும் முடிவதில்லை. ஒரே படலம் என்பதால் பையில் மீண்டும் தலைகாட்டக்கூடும்; ஆகவே ஆண்டுக்கணக்கில் பையைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை வந்து போகும் துன்பமாக இருந்தால் மனம் அதை ஏதோ ஒரு விபத்தாக ஏற்றுக்கொள்ளும். திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வரச்சொல்லும் நோய், “ஏன்” என்ற கேள்வியையும் திரும்பத் திரும்ப எழுப்புகிறது.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் சில இளம்பெண்களின் சிறுநீரகங்கள் காரணம் தெரியாமல் வேகமாகச் சுருங்கிச் செயலிழந்தன. அவர்களுக்குள் பொதுவாக இருந்தது ஒன்றே: எல்லோரும் உடல் மெலிவதற்காக ஒரே கிளினிக்கில் மாத்திரை வாங்கி உண்டவர்கள். 1990இல் அந்த மாத்திரையின் கலவை மாற்றப்பட்டிருந்தது. ஸ்டெஃபானியா என்ற சீன மூலிகை சேர்க்கப்பட்டது. ஆனால் வந்து சேர்ந்த பொடி அது அல்ல. சீனப் பெயர் ஏறத்தாழ ஒன்றாக ஒலிப்பதால், அரிஸ்டோலோகியா என்ற வேறொரு கொடியின் வேர்ப்பொடி அதன் இடத்தில் வந்துவிட்டது. 1993இல் மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் கெட்டது. பிறகு அவர்களில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையின் மேற்பகுதியில் புற்றுநோய் தென்பட்டதால், செயலிழந்த சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக எடுத்துவிட 39 பேர் இணங்கினார்கள். எடுத்துச் சோதித்தபோது அவர்களில் 18 பேருக்குப் புற்றுநோய் ஏற்கெனவே வந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது. லட்சத்தில் இருவருக்கு வரும் நோய், ஒரு பெயர்க் குழப்பத்தால் முப்பத்தொன்பதில் பதினெட்டுப் பேருக்கு வந்தது. பிரஸ்ஸல்ஸில் அந்தக் கிளினிக்கின் வாசலை மிதித்தவர்கள் எல்லாம் முற்பிறவியில் ஒரே வகைப் பாவம் செய்தவர்கள் என்று எந்தச் சமயமும் சொல்லத் துணியாது.

டான்யூப் ஆற்றின் கிளைகளை ஒட்டிய ஊர்களின் கதை இன்னும் நீண்டது. குரோவேஷியா, போஸ்னியா, செர்பியா, பல்கேரியா, ருமேனியா ஆகிய நாடுகளில் சில குறிப்பிட்ட கிராமங்களில் மட்டும், நடுவயதில் சிறுநீரகம் மெல்லச் செத்துப்போவது 1950களிலேயே பதிவாயிற்று; அதே மனிதர்களுக்கு நாளத்தில் புற்றுநோயும் வந்தது. ஒரு வீட்டில் அடுத்தடுத்து வரும்; பக்கத்து ஊரில் ஒருவருக்கும் வராது. குடும்பத்தில் வருவதால் பரம்பரை என்று நினைத்தார்கள். ஆனால் வெளியூரிலிருந்து குடிவந்து நீண்ட காலம் தங்கியவர்களுக்கும், இரத்த உறவே இல்லாதவர்களுக்கும் வந்தது. அந்த ஊர்களின் கோதுமை வயல்களில் அரிஸ்டோலோகியா களையாக வளர்ந்தது. அறுவடையில் அதன் விதை தானியத்தோடு கலந்து, மாவாகி, ரொட்டியாகி, ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் போயிற்று. இந்த ஐயத்தை 1969இலேயே ஓர் ஆய்வாளர் எழுப்பினார், பொருட்படுத்துவார் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ஆர்தர் குரோல்மன் தலைமையிலான குழு 2007இல்தான் அதை மெய்ப்பித்தது. தாய் பிசைந்து சுட்ட ரொட்டியில் இருந்தது நோய். அந்த வீடுகளில் பாவம் தேடியவன் ஐம்பது ஆண்டு தேடியிருந்தாலும் வயலோரத்துக் களையைக் கண்டிருக்க மாட்டான்.

எப்படி மெய்ப்பித்தார்கள் என்பதுதான் நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. இந்தக் கொடியில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் உடலுக்குள் மாற்றமடைந்து, உயிரணுவின் மரபுச் சரத்தில் அடினின் என்ற எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அணு பிரியும்போது, அடினின் இருந்த இடத்தில் தைமின் எழுதப்பட்டுவிடுகிறது. இப்படிப்பட்ட பிழை மற்றப் புற்றுநோய்களில் அபூர்வம். இந்த நஞ்சு தொட்ட இடங்களிலோ மழைபோல் கிடக்கும். 2013இல் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருந்த இரண்டு குழுக்கள் தைவான் நோயாளிகளின் கட்டிகளை முழுமையாகப் படித்து, இந்தக் கையெழுத்தை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டின. தைவானில் இந்தப் புற்றுநோய் உலகின் பிற இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே 1997க்கும் 2003க்கும் இடையில் மக்களில் மூன்றில் ஒருவருக்கு இந்தக் கொடி சேர்ந்த மருந்து எழுதித் தரப்பட்டிருந்தது. 2003இல் தடை வந்தது. நாம் தலையெழுத்து என்று சொல்லி வந்தோம். அதைப் படிக்க எவராலும் முடிந்ததில்லை. இந்த எழுத்தையோ படிக்க முடிகிறது. படித்தால் அதில் எழுதியவனின் பெயர் இருக்கிறது, எழுதப்பட்டவரின் குணம் இல்லை. நல்லவரின் அணுவிலும் கெட்டவரின் அணுவிலும் அடினின் ஒரே விதமாகத்தான் தைமினாகிறது.

இந்தக் கொடி நமக்கு அந்நியமும் அல்ல. ஆடுதின்னாப்பாளை என்றும் ஈஸ்வரமூலி என்றும் நம் நாட்டு மருந்து வழக்கில் பெயர்பெற்ற செடிகள் இதே அரிஸ்டோலோகியா இனத்தவை. இதே அமிலம் உடையவை. ஈஸ்வரமூலிக்குப் பெருமருந்து என்றே இன்னொரு பெயர் உண்டு. பாம்புக்கடிக்கும் குடற்புழுவுக்கும் தோல்நோய்க்கும் தலைமுறைகளாக இவற்றைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். நஞ்சு வேலை செய்ய எடுத்துக்கொள்ளும் காலம் பத்து ஆண்டு, இருபது ஆண்டு. இன்று குடித்த கஷாயத்தையும் இருபது ஆண்டு கழித்து வரும் இரத்தத்தையும் எந்த வைத்தியரின் அனுபவமும் சேர்த்துப் பார்த்திருக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் இந்தக் கொடி சேர்ந்த மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. பச்சிலை கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையும், கெட்டவனுக்குத்தான் கொடிய நோய் வரும் என்ற நம்பிக்கையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் இயற்கையிடம் ஓர் அறவுணர்வைச் சுமத்துகின்றன. செடிக்குக் கருணையும் தெரியாது, பழிவாங்கவும் தெரியாது.

இங்கே சமயவாதி எழுந்து ஒரு கேள்வி கேட்பார், நியாயமான கேள்வி. “நஞ்சு எப்படி வேலை செய்தது என்று சொல்லிவிட்டீர்கள். அந்த மாத்திரையை உண்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். சிறுநீரகம் கெட்டதோ நூற்றுச் சொச்சம் பேருக்கு. ஒரே ரொட்டியை உண்ட வீட்டில் அண்ணனுக்கு வந்தது, தம்பிக்கு வரவில்லை. ஏன் இவருக்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே?” மானிடவியலாளர் எவன்ஸ் பிரிச்சர்ட் 1937இல் வெளியிட்ட நூலில், ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி இதே வாதத்தைத்தான் பதிவுசெய்தார். தானியக் குதிர் சரிந்ததற்குக் கரையான் காரணம் என்று அவர்களுக்கும் தெரியும். அதன் நிழலில் இந்த மனிதர் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் ஏன் சரிந்தது என்பதற்குத்தான் அவர்கள் சூனியத்தைக் கொண்டுவந்தார்கள். நாம் அந்த இடத்தில் வினையை வைக்கிறோம். எதை வைத்தாலும், அந்த இடத்துக்கு ஒரு பதில் வேண்டும் என்ற பசி மனிதருக்குப் பொது. அதை ஏளனம் செய்வது தவறு. விஞ்ஞானம் தரும் பதிலும் அந்தப் பசியை ஆற்றாது. ஒருவர் உடம்பு நஞ்சை உடைக்கும் வேகம் வேறு, உண்ட அளவு வேறு, எந்த அணுவில் எந்த எழுத்து மாறியது என்பதில் தற்செயலும் சேர்ந்தது என்று அது சொல்லும். தற்செயல் என்ற சொல் துன்பப்படுகிறவர் காதில் குளிர்ச்சியாக விழுவதில்லை. ஆனால் விடை கசக்கிறது என்பதற்காக வேறு விடை உண்மையாகிவிடாது.

வினைக்கொள்கையை நான் இங்கே மறுக்க வரவில்லை. அதை ஏற்றுக்கொண்டே கேட்கிறேன். சைவ சித்தாந்தப்படி வினை சடம். தானாக எவரையும் தேடிப் போய்ப் பற்றாது. அதன் பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன். சஞ்சிதத்தில் எவ்வளவு மூட்டை, அதிலிருந்து பிராரத்தமாக இந்த உடம்புக்கு எவ்வளவு பிரித்து வைக்கப்பட்டது, எந்தத் துன்பம் எந்தச் செயலின் பயன் என்ற கணக்கு அவனிடம்தான் இருக்கிறது. உயிருக்கு ஆணவ மறைப்பு இருக்கிறதென்று சொல்லும் அதே சித்தாந்தத்தை வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரரின் சிறுநீரகத்தைப் பார்த்து அவருடைய முற்பிறவிக் கணக்கைப் படித்துவிட்டதாகச் சொல்வது எப்படி? வினைக்கொள்கை பொய்யானால் “என்ன பாவம் பண்ணினாரோ” என்பது வெறும் அவதூறு. அது மெய்யானால், இறைவன் மட்டும் அறிந்த கணக்கை நானும் அறிவேன் என்று சொல்லும் அகந்தை. எப்படிப் பார்த்தாலும் அந்த வாக்கியத்துக்கு நிற்க இடமில்லை.

புத்தர் இதைத் தம் காலத்திலேயே வெட்டவெளிச்சமாகப் பேசியிருக்கிறார். சீவகன் என்ற துறவி, மனிதர் அனுபவிக்கும் இன்பதுன்பம் யாவும் முன்வினையின் பயன் என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்டபோது, பித்தம், கபம், வாதம், இவற்றின் கலப்பு, பருவ மாற்றம், பொருந்தா நடை, வெளியிலிருந்து வரும் தாக்குதல் எனக் காரணங்களை எண்ணி, வினையை எட்டாவதாக மட்டும் வைத்தார். எல்லாமே முன்வினை என்போர் தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார். வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்தவர். அதன் வலிமையைக் குறைத்துப் பேசாதவர். ஆனால் நோயைப் பற்றிப் பேச வந்தபோது, பொருட்பாலில் மருந்து என்ற தனி அதிகாரம் வகுத்தார். அந்தப் பத்துக் குறளிலும் முன்வினை என்ற பேச்சே இல்லை. உண்பதில் மிகுதியும் குறைவும் பற்றிப் பேசுகிறார்; நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, தீர்க்கும் வழி இன்னது என்று வரிசையாகத் தேடச் சொல்கிறார். சிவிகை சுமப்பவனையும் ஊர்பவனையும் பற்றிய அவருடைய குறளுக்குப் பரிமேலழகர், அறத்தின் பயனைக் கண்முன்னே காணலாம் என்று உரை கண்டார். அந்தக் காட்சியைக் காட்டி இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்பதே கருத்து என்று பிற்காலத்தில் பலர் மறுத்தார்கள். மருந்து அதிகாரத்தை அருகில் வைத்துப் படிக்கும்போது, மறுத்தவர் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

பெரியபுராணம் இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டில், இன்று திருச்செங்கோடு எனப்படும் கொடிமாடச் செங்குன்றூரில் தங்கியிருந்தபோது, பனிக்காலத்துக் குளிர்காய்ச்சல் அடியார்களைப் பற்றியது. அது அந்த நிலத்தின் இயல்பு என்றே சேக்கிழார் சொல்கிறார். எவரும் எவருடைய பாவத்தையும் தேடவில்லை. அப்போது சம்பந்தர் பாடிய திருநீலகண்டப் பதிகம், இன்ன வினைக்கு இன்ன பலன் என்று சொல்லிக்கொண்டே தப்பும் வழியை நாடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று கேட்டுத் தொடங்குகிறது. வினையைக் காரணம் காட்டிச் சோர்ந்து உட்காராதே என்பதற்கு நம் மரபில் இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

“அப்பருக்குச் சூலை வந்ததே? அது இறைவனே கொடுத்த நோய் என்று அதே புராணம்தானே சொல்கிறது?” என்று கேட்கலாம். ஆம், சொல்கிறது. அங்கே யார் பேசுகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். தம் நோய்க்கு ஒரு பொருள் இருந்தது என்று கண்டவர் அப்பர். தம் உடம்பில் அனுபவித்து, தம் வாயால் சொன்னார். தம்பி திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது தமக்கை திலகவதியார் உன் செயலுக்கு இதுதான் கூலி என்று கணக்குப் பார்க்கவில்லை; திருநீறு எடுத்துக் கொடுத்தார். வினை என்ற சொல் எந்த இடத்தில் உயிரோடு இருக்கிறது, எந்த இடத்தில் நஞ்சாகிறது என்று இந்தக் காட்சி காட்டுகிறது. தமிழ் இலக்கணத்தின் மொழியில் சொன்னால், வினை தன்மைக்குரிய சொல். “என் வினை” என்று ஒருவர் சொல்லும்போது அது பணிவாக இருக்கலாம், தன்னை ஆராய்வதாக இருக்கலாம், தாங்கமுடியாத ஒன்றைத் தாங்கும் முயற்சியாக இருக்கலாம். அதே சொல்லைப் படர்க்கையில் வைத்து “அவர் வினை” என்றால், அவருக்குத் தண்ணீர் கொடுக்கும் கடமையிலிருந்து நாம் விடுபடுகிறோம். சொல் ஒன்றுதான், இடம் மாறியதும் அது செய்கிற வேலை மாறிவிடுகிறது.

தன்மையிலும் அதற்கு ஓர் ஆபத்து உண்டு. வினை ஆறுதல் தருகிறது, அதைப் பறிக்காதீர்கள் என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த ஆறுதல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் வந்தால் அது துணை, சோதனைக்கு முன்பே வந்துவிட்டால் அது தடை. சிறுநீரில் இரத்தம் கண்டவர், குறிப்பாக வயதான பெண்கள், அந்த உறுப்பைப் பற்றிப் பேசவே கூச்சப்பட்டு, அதன்மேல் பாவம் என்ற சுமையும் சேர்ந்தால், வாயைத் திறக்கவே மாட்டார்கள். நோய் தண்டனை என்ற எண்ணம் நோயாளியைக் குற்றவாளியின் இடத்தில் நிறுத்துகிறது. குற்றவாளி மறைக்கத்தான் பார்ப்பார். மாதங்கள் கடக்கும், அந்த மெல்லிய நாளத்தின் சுவரைத் தாண்டிக் கட்டி வெளியேற அது போதும்.

கடினமான எதிர்வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. இந்தப் படலத்துப் புற்றுநோய்களுக்கு உலகமெங்கும் மிகப் பெரிய காரணம் புகைபிடிப்பது. சுருட்டும் பீடியும் சிகரெட்டும் பிடித்தவருக்கு வந்தால், அது அவர் செய்த வினைதானே, இந்தப் பிறவியிலேயே செய்ததுதானே என்று கேட்பார்கள். காரணத்தையும் குற்றத்தையும் ஒன்றாக்கிவிடுகிற கேள்வி இது. புகையை நிறுத்தச் சொல்வது மருத்துவரின் கடமை; அதில் கண்டிப்பு இருக்கலாம். ஆனால் புகைபிடித்தவர்களில் மிகப் பலருக்கு இந்த நோய் வருவதில்லை. புகையையே தொடாத பலருக்கு வருகிறது. நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போய், பனியில் மரம் வெட்டிய மனிதனுக்கு ஒரு சுருட்டு என்னவாக இருந்தது என்று அறியாதவர்கள், ஒரு சிறுநீரகத்தை இழப்பது அதற்குத் தகுந்த தண்டனை என்று முடிவுசெய்ய முடியாது. தண்டனை என்றால் அளவு இருக்க வேண்டும், முன்னறிவிப்பு இருக்க வேண்டும், தண்டிக்கப்படுபவருக்கு எதற்காக என்று தெரிய வேண்டும். நோயில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

வினை என்றால் செயல். அந்த மூலப் பொருளில் பார்த்தால் இந்த நோயின் கதையில் செயல்கள் நிறைய உண்டு. அவற்றைச் செய்தவர்தான் வேறொருவர். பொடியின் பெயரைச் சரிபாராமல் அனுப்பியது ஒரு செயல். 1969இல் எழுப்பிய ஐயத்தைப் பல்லாண்டு கிடப்பில் விட்டது ஒரு செயல். நம் வட்டாரத்தோடு சங்கிலியாய்க் கட்டப்பட்ட ஓர் உதாரணமும் உண்டு. மலாயாத் தோட்டங்களில் வெட்டிய பால் ஷீட்டாகிக் கப்பலேறி இங்கிலாந்தின் டயர்த் தொழிற்சாலைகளுக்குப் போயிற்று. அங்கே ரப்பர் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்த்த ஒரு வேதிப்பொருளில் நாஃப்தைலமின் என்ற நஞ்சு கலந்திருந்தது. அதைக் கையாண்ட தொழிலாளர்களின் சிறுநீர்ப்பையில் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வந்தது. சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு இப்படி வருவதை ஜெர்மானிய மருத்துவர் ரேன் 1895லேயே எழுதியிருந்தார். அந்தச் சேர்க்கைப் பொருளின் உற்பத்தி இங்கிலாந்தில் 1949இல்தான் நின்றது. 1972இல் ஆங்கிலேய மேல்முறையீட்டு நீதிமன்றம், ரப்பர் நிறுவனத்தையும் அந்தப் பொருளைத் தயாரித்த நிறுவனத்தையும் பொறுப்பாளிகள் என்று தீர்த்தது. இந்தப் பக்கத்தில், தோட்டங்களில் லாலாங் புல்லைக் கொல்ல ஆர்செனிக் கலந்த சோடியம் ஆர்செனைட்டை அடித்தார்கள். மருந்து அடித்தவர்கள் தமிழ்க் கூலிகள். குடிநீரில் கலந்த ஆர்செனிக் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பது பின்னாளில் தைவானிலும் சிலியிலும் நிறுவப்பட்டது. இவற்றை எல்லாம் நோயாளியின் வினை என்று சொல்லியிருந்தால், செய்தவர்களின் வினை கணக்கிலேயே வந்திருக்காது. அறம் இல்லாத உலகமாகிவிடுமே என்று அஞ்சி வினையைப் பிடித்துக்கொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். “என்ன பாவம்” என்ற கேள்வி படுக்கையருகே நின்றுவிடுகிறது. “என்ன காரணம்” என்ற கேள்விதான் வயலுக்கும் மருந்துக்கடைக்கும் தொழிற்சாலைக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்து போகிறது, அடுத்தவருக்கு வராமல் காக்கிறது. இரண்டாவது கேள்வியே அறத்துக்கு நெருக்கமானது.

பிரார்த்தனைக்கு இங்கே என்ன இடம்? நிறைய இடம் உண்டு. தைப்பூசத்தன்று குனோங் சீரோவின் கல்லுமலைக் கோவிலுக்குக் காவடி எடுத்து வருபவர்களில் நோய் தீர வேண்டிக்கொண்டவர்களும், உறவினருக்காக நேர்ந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். அந்த நேர்ச்சையை நான் மதிக்கிறேன். ஒருவர் நோயை இன்னொருவர் தன் தோளில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் செயல் அது. பாவக்கணக்குப் பார்க்கும் பேச்சுக்கு நேர் எதிரானது. முருகனிடம் கேட்பவர் மருத்துவரிடம் கேட்பதை முருகன் தடுப்பதில்லை. வள்ளுவரும் மருந்தின் நான்கு பகுதிகளை எண்ணியபோது நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிலிருந்து பார்த்துக்கொள்பவரையும் சேர்த்தார். சுற்றத்தார்க்கு அவர் ஒதுக்கிய இடம் அதுதான். நீதிபதியின் நாற்காலியை அவர் எவருக்கும் போடவில்லை.

ஆகவே இதைப் படிக்கும் சிம்பாங் பூலாய்க்காரர்களிடமும், கோப்பெங், புந்தோங், ஈப்போத் தமிழர்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறுநீரில் இரத்தம் ஒரேயொரு முறை தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், மறுநாளே நின்றுவிட்டாலும், அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் போய்ச் சொல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். தேவைப்பட்டால் அவர்களே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். நாட்டு மருந்தோ சீன மருந்தோ சாப்பிட்டிருந்தால், எத்தனை ஆண்டுக்கு முன் என்றாலும், அதன் பெயரையும், இருந்தால் அந்தப் பொட்டலத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். வீட்டில் ஒருவர் தயங்கித் தயங்கி இதைச் சொல்ல வந்தால், என்ன செய்தீர்கள் என்று கேட்காமல், எப்போதிலிருந்து என்று மட்டும் கேளுங்கள்.